சத்தம் போடாத வளையல்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழை நேரம். வளைகாப்பு முடிந்து, கடலூரிலிருந்து சேத்தியாத்தோப்பில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்காக வந்திருந்தேன். முதல் குழந்தை.

அதுவரை மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரம்மாவிடம்தான் காட்டினேன். நல்ல டாக்டர். ஏசி அறையில் அவரும் நானும் மட்டும். ஸ்கேனைப் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்பார். இல்லை என்பேன், வந்துவிடுவேன். அதற்குப் பழகிய எனக்கு, சுகாதார நிலையத்தில் நடக்கும் கர்ப்பிணிகள் கூட்டத்துக்கு நர்சம்மா வீடு தேடி வந்து கூப்பிட்டபோது எரிச்சல்தான் வந்தது. பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது? அம்மாவின் தொல்லை தாங்காமல் போனேன்.

பாய் விரித்து வட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். யாருக்குக் கால் குடைகிறது, யாருக்குச் சாம்பல் தின்னத் தோன்றுகிறது என்று ஒரே பேச்சு. கையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் வளைகாப்பு வளையல்கள் குலுங்கின. காலையிலிருந்து எனக்குத் தலைவலி வேறு. அந்தச் சத்தமே பிடிக்கவில்லை.

பக்கத்தில் என்னைவிடச் சின்னப் பெண். அவளுக்கு இது இரண்டாவது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏங்க்கா, ஒங்க வளையல் மட்டும் சத்தமே போடலியே?" என்றாள்.

அப்போதுதான் நானே பார்த்தேன். தொளதொளவென்று போட்டுவிட்ட வளையல்கள் தோலில் அழுந்திப் பதிந்திருந்தன. பூசினாற்போல் இருக்கிறேன் என்று அம்மா பூரித்துக்கொண்டிருந்தாள், நானும் நம்பிவிட்டேன். பிரசவம்வரை கழற்றக் கூடாது என்பதால் யாரும் வளையலைத் தொட்டும் பார்க்கவில்லை.

"எனக்கும் மொதப் புள்ளைக்கு இப்படித்தான் கை ஊதுச்சி. சதை போடுதுன்னு வுட்டுட்டாங்க. அந்தப் புள்ள தங்கலக்கா" என்றாள். பிறகு நர்சம்மாவைக் கூப்பிட்டு, பிரஷர் பார்க்கத் தன் முறையை எனக்குக் கொடுத்தாள்.

பிரஷர் எகிறியிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றிச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். சோப்பு போட்டும் வராத வளையல்களை அங்கே ஒவ்வொன்றாக உடைத்தார்கள். சகுனம் சரியில்லை என்று அம்மா அழுதாள். எனக்கு வயிற்றில் இருந்த பிள்ளையைப் பற்றித்தான் பயம். மறுநாள் ஆபரேஷன். குறைமாதப் பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் இருந்து மெல்லத் தேறினாள்.

டாக்டரம்மாமேல் எனக்குக் குறையில்லை. கடைசியாக அவர் பார்த்தபோது பிரஷர் சரியாகத்தான் இருந்தது. தொந்தரவு இல்லை என்று நான் சொன்னதுகூட எனக்குத் தெரிந்தவரை உண்மைதான். தன் முறையைக் கொடுத்த அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்காமல் வண்டி ஏறிவிட்டேன். இப்போது மகள் வளையலைக் குலுக்கி விளையாடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், பக்கத்தில் இன்னொருத்தியின் கை இருந்ததால்தான் என் கை என் கண்ணில் பட்டது.