சேத்தூர் மருதாணியும் கல்பனாவின் மெஷினும்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் கல்பனா பார்க்கும் வேலைக்குச் சம்பளச் சீட்டில் ‘சிஸ்டம் அட்மின்’ என்று பெயர். மில்லுக்குள் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிரிண்டர் மக்கர் பண்ணினாலும், கேமரா கறுப்பாகப் போனாலும், யார் வீட்டுப் பிள்ளைக்காவது ஆன்லைன் ஃபாரம் நிரப்ப வேண்டுமானாலும், ‘கல்பனாவைக் கூப்பிடு’ என்பார்கள். வயது முப்பத்து நாலு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. கணவன் ராணுவத்தில் இருக்கிறான், வருஷத்தில் இரண்டு மாதம் ஊருக்கு வருவான். மிச்சப் பத்து மாதமும் ஸ்கூட்டியும் லேப்டாப்புமாக அவள் பாடு ஓடும்.

அவள் ரிப்பேர் பார்க்கிற விதமே தனி. மில்லில் பஞ்சு பறக்கும். கம்ப்யூட்டர்கள் அதை மூச்சோடு உள்ளே இழுத்து இரண்டு மாதத்துக்கு ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து வந்த இன்ஜினியர் எல்லாவற்றையும் புதிதாக வாங்கச் சொல்லிவிட்டுப் போனார். கல்பனா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வாங்கி, தலையணை உறை மாதிரி தைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் மாட்டினாள். சனிக்கிழமைதோறும் கழற்றித் துவைத்தாள். ‘கம்ப்யூட்டருக்குக் காயம் போல’ என்று கேலி பண்ணினார்கள். கேலி பண்ணினவர்கள் கம்ப்யூட்டரும் இன்றுவரை ஓடுகிறது.

எடை மேடைக் கம்ப்யூட்டர் தினமும் மூன்று மணிக்கு நின்றுபோகும். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு ஜன்னல் வெயில் நகர்ந்து வந்து பெட்டியின் முதுகில் விழுந்தது. பெட்டியை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள், கதை முடிந்தது. பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பதுதான் பெரிய படிப்பு. அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரு வியாதி உண்டு. வருஷத்துக்கு ஒரு தொழில் யோசனை வந்துவிடும். ஒரு வருஷம் பால்கோவா விற்க வெப்சைட் ஆரம்பித்தாள். முதல் பக்கத்தில் எந்தக் கடைப் படத்தைப் போடுவது என்று சொந்தக்காரர்களுக்குள்ளேயே சண்டை வந்து வெப்சைட் படுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் ராஜபாளையம் நாய்களுக்கு வம்சப் பதிவேடு. நாய் வளர்ப்பவர்கள் நாயின் தாத்தா பெயரைச் சொன்ன கையோடு தங்கள் தாத்தா பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். அதையும் மூடினாள்.

மூன்றாவது யோசனை மட்டும் தேறியது. அதுதான் வருகைப் பதிவு மெஷின். மில்லில் இருந்த பழைய கைரேகை மெஷினுக்கு, சைடு பார்க்கும் பெண்களின் விரல் பிடிபடாது. அறுந்த நூலை நாளெல்லாம் விரலால் பிடித்து இணைக்கிற வேலை. வருஷக்கணக்கில் செய்தால் ரேகை தேய்ந்துபோகும். கல்பனா உதிரிப் பாகங்கள் வாங்கி, தகரப் பெட்டி அடித்து, சாஃப்ட்வேரைத் தானே எழுதித் தன் மெஷினைக் கேட்டில் மாட்டினாள். விரல் வைத்தால் உள்ளே பச்சை வெளிச்சம் எரியும். ஆள் சரியென்றால் கல்பனாவின் குரலே ‘சரி, போங்க’ என்னும். இல்லையென்றால் ‘இன்னொரு வாட்டி வைங்க’ என்னும்.

ஒவ்வொரு சோதனைக்கும் அவள் கூப்பிட்டது வெள்ளத்தாயை. சேத்தூர்க்காரி, நாற்பத்தேழு வயது, இருபது வருஷமாகச் சைடு பார்ப்பவள். போலீஸ்காரக் கணவன் விபத்தில் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் விரலில் ரேகை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. “ஒங்க வெரல எடுத்துட்டா, ஒலகத்துல எவ வெரலயும் எடுத்துரும்க்கா” என்பாள் கல்பனா. சோதனைக்கு வசதியாக இருக்கட்டும் என்று, மெஷினைத் திறக்கும் உரிமையைத் தன் விரலோடு வெள்ளத்தாயின் விரலுக்கும் கொடுத்தாள். வேலை முடிந்த பிறகு அதை எடுக்க மறந்துபோனாள்.

மேனேஜர் விக்னேஸ்வரன் வாக்குக் கொடுத்திருந்தார். சித்திரையிலிருந்து ஆடி முடியும் வரை ஒரு புகாரும் வரவில்லையென்றால், மில் முதலாளி குடும்பத்து மற்ற நான்கு மில்களுக்கும் இந்த மெஷினை வாங்கச் சொல்லிக் கடிதம் போடுவார். அந்தக் கடிதம் வந்தால் கல்பனா சொந்தமாகக் கம்பெனி தொடங்கலாம். பெயர்ப்பலகைக்கு எழுத்துகூட வரைந்து வைத்திருந்தாள். சித்திரை போனது, வைகாசி, ஆனி போனது, புகார் இல்லை. ஒருத்திக்காக இன்னொருத்தி விரல் வைப்பதைத் தடுக்க, நடுவில் மெஷினை இன்னும் கறாராக வேறு ஆக்கினாள்.

ஆடி வந்தது. ஆண்டாளுக்குத் தேர் என்றால் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மருதாணி இல்லாமல் ஆகாது. இதில் கல்பனாவை அடிக்க ஆளில்லை. உள்ளங்கையில் அவள் போடும் கோலத்தைப் பார்த்தால் லேப்டாப் தட்டுகிற விரலா என்று கேட்பீர்கள். நடுவில் தேர்ச் சக்கரம், சுற்றிக் கிளி, விரல் நுனி பத்துக்கும் தொப்பி. தேருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சேத்தூரில் வெள்ளத்தாய் வீட்டு முற்றத்தில் மில் பெண்கள் கூடினார்கள். மரம் வெள்ளத்தாயுடையது, அரைப்பதும் அவள்தான். ஆனால் அவள் வைத்துக்கொள்வதில்லை. தாலி போன கைக்கு மருதாணி ஆகாது என்று ஒரு சட்டம். இதை யார் போட்டாரோ, அவர் மகராசனாக இருக்கட்டும். அரைக்கும்போது கை சிவந்து, அது ஊர்க் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று வெள்ளத்தாய் கையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டுதான் விழுதை வழிப்பாள். கல்பனா ஒவ்வொரு வருஷமும் அந்தப் பையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அடுத்த கையை இழுத்து வரையத் தொடங்குவாள்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மில் பஸ் வந்து நின்றது. முதலில் மாரிக்கனி என்ற பெண் விரல் வைத்தாள். ‘இன்னொரு வாட்டி வைங்க’ என்றது மெஷின். இன்னொரு வாட்டி வைத்தாள். மறுபடி அதுவே. அடுத்தவளுக்கும் அதுவே, அதற்கடுத்தவளுக்கும் அதுவே. முப்பது பெண்கள் கேட்டில் நிற்க, கல்பனாவின் குரல் ஓயாமல் இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தேர் வாரத்தில் ஒரு ஆப்சென்ட் விழுந்தாலும் தேருக்கு லீவு கிடையாது என்பது மில் கட்டளை. எட்டே காலுக்கு மேல் வந்தால் ஆப்சென்ட்.

கல்பனா ஸ்கூட்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வரிசையைப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. அத்தனை விரல் நுனியிலும் அவள் வைத்த தொப்பி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை அவள் பத்து விரலுக்கும் கணக்காக வைத்திருந்தாள். சரி, கறாரைக் குறைப்போம் என்று மெஷினைத் திறக்கத் தன் விரலை வைத்தாள். ‘இன்னொரு வாட்டி வைங்க’ என்று அவள் குரலே அவளிடம் சொன்னது. அவள் விரலிலும் தொப்பிதான் இருந்தது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். கல்பனாவுக்கு அழுகை வந்தது.

“ஏட்டி, அழுதா கேட்டு தொறக்குமா? செத்த வெலகு” என்று வெள்ளத்தாய் முன்னால் வந்தாள். மருதாணி இல்லாத விரலை வைத்தாள். மெஷின் ஆளை ஒத்துக்கொண்டு, அதை மாற்றி அமைக்கிற பட்டியலையும் திறந்துவிட்டது. எடுக்க மறந்துபோன உரிமை அன்றைக்குக் கைகொடுத்தது. கல்பனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். ரேகையை நிறுத்தினாள். டோக்கன் நம்பரை அடித்தால் போதும், அடிக்கும்போதே மெஷின் கேமரா முகத்தைப் படம் பிடித்துவிடும் என்று மாற்றினாள். எட்டு பதிமூன்றுக்குக் கடைசிப் பெண் உள்ளே போனாள். ஒரு ஆப்சென்ட்கூட விழவில்லை.

வேறு ஆளாக இருந்தால் இதை அப்படியே மூடி மறைத்திருப்பார்கள். கல்பனா நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

“தப்பு என்னோடது சார். சித்திரையில டெஸ்ட் பண்ணேன். ஆடியில மருதாணி வைப்பாங்கங்கிறத மறந்துட்டேன். வருசா வருசம் வச்சுவிடுறதே நான்தான்.”

விக்னேஸ்வரன் சிரித்துவிட்டார். ஆனாலும் கண்டிப்பான மனிதர். “புகார் வரக் கூடாதுன்னேன், வந்துருச்சு. சரிபண்ணிக் காட்டு. பொறவு கடிதத்தைப் பத்திப் பேசுவோம்” என்றார்.

செவ்வாய் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் சிவப்பு சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. வளையல் கடைமுன் மில் பெண் ஒருத்தி வளையல் போட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். கல்பனா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் கையில் காலையில் பார்த்த மருதாணியைக் காணோம். தன் கையை நீட்டிப் பார்த்தாள். சக்கரமும் இல்லை, கிளியும் இல்லை, வெறும் கை. இரண்டடி தள்ளி வெள்ளை விளக்கடிக்கு வந்ததும் எல்லாம் திரும்பி வந்தன. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு காணாமல் போகும். தன் மெஷினில் எரியும் பச்சை வெளிச்சத்திலோ அதே சிவப்பு கறுப்பாகி ரேகையை மூடிவிடும். வர்ணத்தோடு புழங்கினவளுக்கு இது விளங்க அரை நிமிஷம் ஆகவில்லை. வாங்க வந்த வளையலை வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

சிவப்பு விளக்குள்ள பாகம் கூரியரில் வந்து சேரவும், அதைச் சாஃப்ட்வேரோடு இணைக்கவும் மூன்று வாரம் ஆகிவிட்டது. அதற்குள் பெண்களின் கைச் சிவப்பு மங்கிவிட்டது. எல்லார் விரலையும் மெஷின் எடுத்தது. விக்னேஸ்வரன் ஒத்துக்கொள்ளவில்லை.

“மங்கின மருதாணிய எடுத்தது பெருசில்ல. நீதான சொல்லுவ, வெள்ளத்தாய் விரலை எடுத்தா யார் விரலையும் எடுக்கும்னு? அவங்க கையில புதுசா வச்சுக் கூட்டிட்டு வா. மெஷின் எடுத்துச்சுன்னா அன்னிக்கே கடிதம்.”

அவருக்கு வெள்ளத்தாயின் விரல் தெரியும், வீடு தெரியாது. அறையில் இருந்த கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார். கல்பனா வெளியே வந்தாள். நான்கு மில், சொந்தக் கம்பெனி, பெயர்ப்பலகை எல்லாம் ஒரு கையில் வந்து நின்றது. அந்தக் கையைத்தான் கேட்க முடியாது. கேட்கவே கூடாது என்று முடிவு பண்ணினாள். ஒன்பது வருஷமாகப் பாலிதீன் பை கட்டுகிறவளிடம் போய், என் கம்பெனிக்காகக் கையைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? வேறு ஆளை வைத்துக் காட்டலாம், மேனேஜர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த யோசனையும் பால்கோவா போன வழியே போகட்டும். நல்ல மனசு என்று சொல்வதற்கு அவள் அன்றைக்குச் செய்ததே போதும்.

ஆனால் மில்லில் சுவருக்கும் காது உண்டு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்தாயிடமிருந்து போன் வந்தது. “ஒரு எட்டு வந்துட்டுப் போ” என்றாள்.

கல்பனா சேத்தூருக்குப் போனபோது முற்றத்தில் விழுது அரைத்துத் தயாராக இருந்தது. வெள்ளத்தாய் வழித்த கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பை இல்லை. உள்ளங்கை சிவந்திருந்தது.

“நீ கேக்க மாட்டன்னு தெரியும். அதான் நானே அரைச்சுட்டேன்” என்றாள்.

“வேண்டாம்க்கா. ஊருல ஏதாவது சொல்லுவாங்க.”

“கம்பெனி வேலைன்னு சொல்லுதேன். வேலைக்குப் போறவ வேலையப் பாக்கேன். அவியளுக்கு என்ன?”

கல்பனா அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். “ஒத்த வெரலுக்கு வச்சாப் போதும்க்கா. மெஷினுக்கு அம்புட்டுத்தான் வேணும்.”

 வெள்ளத்தாய் இடது கையையும் நீட்டினாள். “ரெண்டு கையிலயும் வை. டெஸ்ட்டு ஒழுங்கா இருக்க வேண்டாமா?”

அன்று கல்பனா போட்ட கோலத்துக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. சக்கரமும் கிளியும் தொப்பியும், மற்றவர்களுக்குப் போட்டதில் ஒன்றையும் குறைக்கவில்லை. வரைந்து முடிக்கும் வரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கேட்டில் விக்னேஸ்வரனும் நின்றார். அதற்குள் யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கின பெண்கள் வெள்ளத்தாயின் கையைப் பார்த்தார்கள், விலகி அவளை முன்னால் விட்டார்கள். அவள் விரலை வைத்தாள். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. முதல் தடவையிலேயே மெஷின் அவளை உள்ளே போகச் சொன்னது. இன்னொரு விரலையும் வைத்துக் காட்டினாள், அதையும் எடுத்தது.

“கடிதம் இன்னிக்கே போயிரும் கல்பனா” என்றார் விக்னேஸ்வரன். பிறகு வெள்ளத்தாயிடம் திரும்பி, குரலை இறக்கிக்கொண்டார். “மன்னிச்சுக்கங்கம்மா. தெரியாமச் சொல்லிட்டேன். இது எத்தனை நாள்ல அழியும்?”

வெள்ளத்தாய் இரண்டு கையையும் விரித்து ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

“பதினஞ்சு நாள்ல மங்கும் சார். மங்குச்சுன்னா திரும்ப வச்சுக்கிடுதேன்.”

சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று உள்ளே போனாள்.