எஸ்தரின் பாட்டில் நான் அடித்த வரிகள்

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் அல்லேலூயா சொல்லத் தோன்றாது. பரவாயில்லை.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், ஒரு ஞாயிறு ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போதே என் குரல் உடைந்தது. சளி என்று நினைத்தேன். மிளகுக் கஷாயம், ஆவி, எல்லாம் பார்த்தாயிற்று. மூன்றே வாரத்தில் வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. குரல் நாணில் கட்டி என்றார் டாக்டர். அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் பழைய குரல் வரும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார்.

என் பிழைப்பே குரல்தான். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன் நான். பாயில் உட்கார்ந்து சேலையை விரித்துப் போட்டு, பேசிப் பேசியே விற்பவன். சேலையில் ஒரு பழுது இருந்தால் அது மடிப்புக்குள் போகிற மாதிரி விரிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் செவிலிமேட்டில் எங்கள் சபைக்கு ஆராதனை நடத்துபவனும் நான்தான். நான் எழுதிய ஒரு பாட்டு யூடியூபில் நன்றாக ஓடியது. சுற்றுவட்டாரச் சபைகளில் எல்லாம் கை தட்டிப் பாடினார்கள். எங்கே போனாலும் 'அந்தப் பாட்டு டேனியல் பிரதர்' என்பார்கள். எனக்கு அது தேன் மாதிரி இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்தது. வாயே திறக்கக் கூடாது என்றார்கள். கடையில் என்னைப் பாயிலிருந்து எழுப்பி, உள்ளே சேலை மடிக்கிற மேஜைக்கு அனுப்பினார்கள். ஆராதனைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. "ஆண்டவரே, குரலைத் திருப்பித் தாரும், இனி உமக்கு மட்டும்தான் பாடுவேன்" என்று மனதுக்குள்ளேயே கதறினேன். இதுவரை யாருக்குப் பாடினாய் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக எஸ்தரை அனுப்பினார்.

எஸ்தர் எங்கள் சபைதான். திருப்புட்குழியிலிருந்து பஸ் ஏறி வருவாள். அவள் கணவன் குமார் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தவன். பட்டு நூலைக் கம்பில் மாட்டி, கொதிக்கிற தொட்டியில் முக்கிப் புரட்டுகிற வேலை. எஸ்தருக்கும் அங்கேயே நூல் சுற்றுகிற வேலை. ஒரு நாள் கால் வழுக்கித் தொட்டியோரம் விழுந்த குமாரின் மேல் சாயத் தண்ணீர் கொட்டிவிட்டது. தொட்டியில் முகூர்த்த ஆர்டருக்கான அரக்கு நிற நூல் பாதிச் சாயத்தில் இருந்தது. அப்போது நிறுத்தினால் நிறம் திட்டுத் திட்டாகிவிடும், மொத்த நூலும் வீண். "நூல எடுத்துட்டு வண்டியக் கூப்டுங்க" என்றார் முதலாளி. அதுவரை குமாரைக் கோணிமேல் கிடத்தி வைத்தார்கள். எஸ்தர் அவர் காலில் விழுந்து பார்த்தாள். நூல் எடுத்த பிறகுதான் வண்டி வந்தது. ஆறாம் நாள் செத்துப்போனான்.

அந்த முதலாளி எங்கள் சபையின் கமிட்டிப் பெரியவர். இரண்டாம் வரிசையில் உட்காருவார்.

குமார் போன சில மாதங்களில், எஸ்தர் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் நடந்தது. எல்லோரும் போன பிறகு அவள் ஒரு பாட்டுப் பாடினாள். அவளாகவே கட்டியது. "எழுதி வெச்சிக் குடுங்கண்ணா. எனக்கு எழுத வராது. மறந்துடப் போறேன்" என்றாள். என் பையில் கடையின் பில் புத்தகம்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அழகாக எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தரவில்லை. ராகம் என்னை விடவில்லை. அவள் வரிகள் இவை:

சாயம் ஏறுற வரைக்கும் நீயும் காத்துக்கினு இருந்தியா, சாமி?
கோணிமேல அவரு கெடந்தாரே, நீயும் பாத்துக்கினு இருந்தியா?

இதை நான் இப்படி ஆக்கினேன்:

உந்தன் வேளை வருமட்டும் காத்திருந்தேன் இயேசுவே,
கண்ணோக்கிப் பார்த்தவரே, என்னைக் கைவிடாத நேசரே.

தெரியாமல் செய்யவில்லை. அவள் வரிகளையே சபையில் பாடினால் பெரியவர் முகம் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் செய்தேன். அவருடைய காரில்தான் ரிக்கார்டிங்குக்கே போனோம். அவள் அழுத ராகத்துக்குத் தாளத்தை வேகமாக்கினேன். வீடியோவில் 'பாடல், இசை: டேனியல்' என்று போட்டேன். ஞாயிறுதோறும் பெரியவர் கண்ணை மூடி, இரண்டு கையையும் உயர்த்தி அதைப் பாடுவார். பெண்கள் பக்கம் எஸ்தர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் மேடையிலிருந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு இன்னும் சத்தமாகப் பாடுவேன்.

அந்த எஸ்தர்தான் ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எனக்காக ஜெபிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு மானம் கெட்டவன் நான்.

"ஜெபம் பண்ண வர்லண்ணா. என் பாட்ட வாங்கிக்கினு போவ வந்தேன்" என்றாள். "நடந்தது எதுவும் மறக்கல. பாட்டுதான் மறந்துடுச்சி. வாயத் தொறந்தா உங்க வரிதான் வருது. என் பொண்ணு அத ஆக்‌ஷனோட பாடுது, தெரியுமா? அவங்கப்பா செத்த பாட்ட, சிரிச்சிக்கினு ஆடுது."

பேசக் கூடாத நேரம். பேசியே விற்கிறவன், ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றேன். பில் புத்தகம் எங்கே என்று எனக்குத் தெரியாது. கை விரித்துக் காட்டினேன்.

"தொலைச்சிட்டீங்களா? உங்க தொண்டைக்கு ஊரே ஜெபம் பண்ணுது. என் ஒருத்தியோட ஜெபம்தான் கேட்ருச்சி போல" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

என் மனைவி கிருபா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அது உங்க பாட்டு இல்லையா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அன்று முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் ஜெபத்தை மாற்றினேன். குரலைக் கேட்பதை விட்டேன். "அவளுடைய வரிகளைத் தாரும்" என்று மட்டும் கேட்டேன். வீட்டைப் புரட்டிப் போட்டேன். முதல் இரண்டு வரி எனக்கு நினைவிருந்தது. மீதிப் பாட்டில் என் வரிகளே ஏறி உட்கார்ந்திருந்தன. பதினேழு நாள் உபவாசமிருந்து கேட்டேன். பதினெட்டாம் நாள் சபையின் புதுக் கீபோர்டுக்காரர் வந்து, நான் விட்டுவந்த கீபோர்டு பையின் பக்க ஜிப்பில் ஏதோ தாள் இருந்தது என்று கொடுத்தார். பில் தாள்கள் நான்கு.

ஆண்டவர் கேட்டதைக் கொடுத்தார். எப்படிக் கொடுத்தார் என்று பாருங்கள். அவள் வரிகள் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு வரிமேலும் என் சிவப்புப் பேனாக் கோடு. 'கோணி'யை அடித்திருந்தேன். 'தண்ணி கேட்டாரே' என்பதை அடித்து, ஓரத்தில் 'இது வேண்டாம், பெரியவர்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

தாளை எஸ்தரிடம் கொண்டுபோனேன். அதற்குள் குரல் கொஞ்சம் வந்திருந்தது, கிழிந்த துணி மாதிரி. படித்துக் காட்டினேன். அவள் கேட்டு முடித்து, "எங்கிட்ட பாடி என்னா ஆவப் போவுது? எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். அங்க பாடுங்க. அந்தாளு உக்காந்துக்கினு இருக்க சொல்ல பாடுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு, ஆண்டவர் செய்ததை எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் எழுந்தேன். குரல் வந்த சாட்சி என்று பாஸ்டர் சந்தோஷமாக மைக்கைக் கொடுத்தார். பாட்டு யாருடையது, நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தேன். ராகம் தெரிந்ததும் சனங்கள் பழக்கத்தில் கை தட்டினார்கள். 'கோணி' வந்ததும் தட்டுகிற கைகள் ஒவ்வொன்றாக நின்றன. "பாஸ்டர், என்ன நடக்குது இங்க?" என்று பெரியவர் எழுந்தார். யாரோ மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாமல் என் குரல் முதல் வரிசைக்குக்கூடப் போகாது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

பெண்கள் பக்கமிருந்து எஸ்தர் எழுந்து நின்றாள். நான் உதட்டில் சொல்லச் சொல்ல, அவள் உரத்துப் பாடினாள். மைக் தேவைப்படாத குரல் அது. நாலு சரணமும் பாடினாள். குமார் தண்ணீர் கேட்ட சரணத்தில் பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இப்போது வேறு சபையில் முன்வரிசையில் இருக்கிறார் என்று கேள்வி.

என் ஆராதனைப் பொறுப்பு போனது. பழைய வீடியோவை எடுத்துவிட்டேன். எஸ்தரின் பெயரில், எஸ்தரின் வரிகளோடு, எஸ்தரே பாடிப் புதிதாகப் போட்டோம். பத்தில் ஒரு பங்கு பேர்கூடப் பார்க்கவில்லை. 'இது துதிப் பாடலா, ஒப்பாரியா' என்று கீழே எழுதுகிறார்கள். இரண்டும்தான். கடையில் இன்னும் மடிக்கிற மேஜையில் இருக்கிறேன். அரக்கு நிறச் சேலை கைக்கு வந்தால், அந்தத் தொட்டி நூலாக இருக்குமோ என்று மடிப்பதை நிறுத்தித் தடவிப் பார்ப்பேன். சபைக்காக இன்றும் பாட்டு எழுதுகிறேன். யாருடைய கண்ணீரிலிருந்து ஒரு வரி வந்தாலும் முதலில் அவர்களிடம் போய்ப் பாடிக் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போடுகிறேன்.

எஸ்தர் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்பீர்கள். இல்லை. எதிரில் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்வாள், அதோடு சரி. அதையும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவசரப்படுத்தவில்லை.

பாட்டு எழுதுகிற சகோதரனே, சகோதரியே, நீயும் அவரிடம் கேள். குரலைக் கேட்காதே, புகழைக் கேட்காதே. நீ அடித்துவிட்ட வரியைக் கேள். நிச்சயம் தருவார். வலிக்கும், வாங்கிக்கொள்.

எங்கள் சபையில் மாதத்தில் ஒரு ஞாயிறு எஸ்தர் அந்தப் பாட்டைப் பாடுகிறாள். அவள் மகள் பக்கத்தில் நின்று பாடுகிறாள், ஆக்‌ஷன் இல்லாமல். சாமியிடம் அவள் கேட்ட கேள்விக்கு எங்களில் யாரும் பதில் சொல்ல முந்துவதில்லை. யாரும் கை தட்டுவதும் இல்லை. அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.