அம்மா விளக்கேற்றாத ஆறு மாதங்கள்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களும் தோட்டத்து மக்களும் அவரைப் பற்றி நல்ல வார்த்தைகளை எதிர்பார்ப்பீர்கள். அவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் மூத்த மகளாகிய நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளாமல் எழுத மனம் வரவில்லை.

அம்மா கோல சிலாங்கூர் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் ரப்பர் பால்வாளி தூக்கினார். அப்பா லோரி விபத்தில் போன பிறகு என்னையும் தம்பியையும் தனியாகவே ஆளாக்கினார். வீட்டுக்குத் தூரமான நாட்கள் தவிர, மரம் வெட்டிப் பால் எடுக்கக் கிளம்புமுன் சாமி விளக்கு ஏற்றாமல் ஒரு நாளும் வாசலைத் தாண்டியதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு, திருவிழாவில் மாரியம்மனுக்கு முதல் பொங்கல் வைப்பவரும் அவர்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அந்த விளக்கை என்னை ஏற்றச் சொன்னார். மறுநாளும் அப்படியே. கேட்டால் முழங்கால் வலி என்றார். நாளெல்லாம் மரம் வெட்டுகிறவருக்கு ஐந்தடி தள்ளியிருக்கும் சாமி மேடைக்கு வர மட்டும் வலிக்குமா? சந்தேகப் புத்தி எனக்கு உடன்பிறந்தது என்று தம்பி கேலி செய்வான். அந்த வருடம் பொங்கல் வைக்கவும் அம்மா மறுத்தபோது அந்தப் புத்தி முழுதாய் விழித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்துவர். அரசாங்க மருத்துவமனையில் ஆயா வேலை. அம்மா அவரோடு குசுகுசுவென்று பேசுவார், நான் வந்தால் நிறுத்துவார். மார்க்கெட்டுக்கு என்று சொல்லி இருவரும் இரண்டு முறை பஸ் ஏறி, வெறுங்கையோடு திரும்பினார்கள். அம்மா கிறிஸ்துவ வேதத்துக்கு மாறிவிட்டாரா என்று கோயில் தலைவர் என்னிடமே கேட்டார். அவமானத்தில் குறுகிப்போனேன். சிலுவை இருக்கும், பைபிள் இருக்கும் என்று அலமாரியைத் துழாவினேன். பழைய புடவையைக் கிழித்து மடித்த துணிகள்தான் ஒரு கட்டு இருந்தன. ஐம்பத்து நாலு வயது அம்மாவுக்கு அவை எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் முறை அவர்கள் பஸ் ஏறியதும், தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். ஜெபக் கூட்டத்தில் கையும் களவுமாகப் பிடிப்பதாக எண்ணம். அவர்கள் இறங்கியது மருத்துவமனை வாசலில். பெண்கள் பகுதியில், நோயாளி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்னம்மா பண்றீங்க?"

அம்மா தலை நிமிரவில்லை. "நின்னு போனது திரும்ப வருதும்மா. ஆறு மாசமா விட்டு விட்டு வருது. தீட்டோட விளக்க எப்படித் தொடறது?"

தோட்டத்து மருந்தகத்தில் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அதை நம்பாமல் இங்கே இழுத்து வந்தவர் அந்த அக்கா. உள்ளிருந்து வந்த தாதி என்னைத் தனியே அழைத்தார்.

"நின்னு வருஷக்கணக்கா ஆனவங்களுக்கு ஒரு சொட்டு வந்தாலும் சந்தேகப்படணும்லா. வீட்ல யாருமே கவனிக்கலியா?"

வீட்டில் நான் இருந்தேன். கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கருப்பையின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்துப் புற்றுநோய் என்றார்கள். கருப்பையை எடுக்க வேண்டும் என்றதும், மருத்துவ மாணவர்கள் படிப்பதற்காக அம்மாவை அறுக்கப் பார்க்கிறார்கள் என்று தம்பி முரண்டு பிடித்தான். அம்மா யாரையும் கேட்காமல் கைநாட்டு வைத்தார். அறுவை முடிந்து, கதிர்ச் சிகிச்சையும் முடிந்து வீடு திரும்பியவர், குளித்துவிட்டு நேரே சாமி மேடைக்குப் போனார்.

நான்கு வருடங்கள் விளக்கு தவறவில்லை. தினமும் நான் எட்டிப் பார்ப்பேன். சற்றே தாமதமானாலும் அவர் அருகே போய் நின்றுவிடுவேன். பிறகு நோய் நுரையீரலில் தலைகாட்டியது. முன்பே பார்த்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

கடைசி நாட்களில் அம்மாவைத் தாங்கிய தாதியருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் நன்றி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி; அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா போவதற்கு இரண்டு நாள் முன்பு, படுக்கையிலிருந்து விளக்கேற்றச் சொன்னார். நான் தயங்கினேன். எனக்கு வீட்டுக்குத் தூரம் என்று மெல்லச் சொன்னேன்.

"பரவால்ல, ஏத்தும்மா," என்றார். "ஒதுங்கி ஒதுங்கி நின்னுதான் நான் நோய மறைச்சேன். நீ ஒதுங்காத."

ஏற்றினேன். இன்றுவரை ஒரு நாளும் விட்டதில்லை.