கரண்டும் குளிரும்: தண்டலத்திலிருந்து ஒரகடத்துக்கு ஒரு கம்பெனி வந்த வழி

அருவி, மலை, கோயில் என்று எழுதிக்கொண்டிருக்கும் என்னிடம், தொழிற்சாலை பார்க்கப் போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருடைய மகளுக்கு இயந்திரங்கள் என்றால் உயிராம். பதில் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது அமலா அக்காவின் அழைப்பு வந்தது. திருச்சிக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த ஸ்டெல்லாவின் அக்கா இவர். ஒரகடத்தில், டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய மின்சார சாதனங்களும் குளிரூட்டும் சாதனங்களும் செய்யும் கம்பெனியை நடத்துகிறார். நாம் செல்போனில் அனுப்பும் படம், பணம் எல்லாம் போய்ச் சேரும் கணினிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் கட்டடம்தான் டேட்டா சென்டர். அங்கே ஒரு நொடிகூடக் கரண்ட் போகக் கூடாது, சூடும் ஏறக் கூடாது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பெரிய டெஸ்ட் இருப்பதாகவும், அன்றைக்கு வந்தால் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றும் சொன்னார். ஒரே நிபந்தனை, கம்பெனிப் பெயரை எழுதக் கூடாது. வாங்குபவர்களோடு போட்ட ஒப்பந்தம் அப்படியாம்.

முதல் நாளே திருச்சியிலிருந்து வந்து பூந்தமல்லியில் தங்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு நெடுஞ்சாலைப் பேருந்தில் ஏறினேன். தண்டலம் அதிக தூரமில்லை. ஆனாலும் லாரிகளின் புண்ணியத்தில் முக்கால் மணி நேரம் ஆனது. நிறுத்தத்தில் அமலா அக்கா ஓர் ஆட்டோவோடு நின்றிருந்தார். கார் எங்கே என்று கேட்டேன். டெஸ்ட் பார்க்க வருபவர்களை அழைத்துவரப் போயிருக்கிறதாம். டெஸ்ட் நாளில் முதலாளி தொழிற்சாலையில் இருக்க வேண்டாமா என்றும் கேட்டேன். பதற்றத்தில் ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததால், கூட்டாளி முருகேசனே பதினோரு மணிவரை உள்ளே வரக் கூடாது என்று துரத்திவிட்டாராம். சரி, கம்பெனி வளர்ந்து வந்த வழியையாவது காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

ஆட்டோ ஓட்டுநர் ஏழுமலை உள்ளூர்க்காரர். தண்டலம், பிள்ளைப்பாக்கம், ஒரகடம் என்று மூன்று இடத்துக்கும் காத்திருப்போடு எழுநூறு ரூபாய் பேசினோம். "இன்னா மேடம், திருச்சிலருந்து ஷெட்டு பாக்கவா வந்தீங்க? அங்க இல்லாத ஷெட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

கம்பெனி தொடங்கிய முதல் ஷெட், கல்லூரிகளுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. இப்போது அது ஜெராக்ஸும் ஜூஸும் விற்கும் கடை. அங்கேயே சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக்கொண்டு கதை கேட்டேன்.

அமலா அக்கா அப்போது கல்லூரி லேப்களில் யூபிஎஸ் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். முருகேசன் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, நண்பர்களோடு ஒற்றை அறையில் தங்கியிருந்த ஏசி மெக்கானிக். ஒரு கோடை நாளில், தேர்வு நடந்துகொண்டிருந்த லேபில் கரண்ட் போனது. யூபிஎஸ் கணினிகளைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் ஏசிக்கு யூபிஎஸ் இணைப்பு இல்லை. மூடிய அறையில் வெப்பம் ஏற ஏற, கணினிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கல்லூரி முதல்வர் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். இவர் ஏசியைக் காட்ட, அவர் யூபிஎஸ்ஸைக் காட்ட, மாணவர்கள் முன்னாலேயே பெரிய சண்டை.

மாலையில் இருவரும் ஒரே நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்க வேண்டியதாயிற்று. முருகேசன்தான் முதலில் பேசினாராம்: "ஒங்க பெட்டியும் சரியாத்தான் வேல பாத்துச்சு, எங்க பெட்டியும் சரியாத்தான் வேல பாத்துச்சு. பெறகு எப்படி எல்லாம் நின்னுச்சு?"

கரண்டையும் குளிரையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளாத வரை இதற்குப் பதில் கிடைக்காது என்று இருவருக்கும் தோன்றியிருக்கிறது. அடுத்த மாதமே இந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பத்திரிகையெல்லாம் அடித்துச் சேர்ந்தவர்களே பிரிந்துபோகும் காலத்தில், சண்டை போட்டுச் சேர்ந்தவர்களை இப்போதுதான் பார்ப்பதாக ஏழுமலை சொன்னார்.

அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பிள்ளைப்பாக்கம். சாலையின் ஒரு பக்கம் நெல், மறுபக்கம் மனை விற்பனைக் கொடிகள். அக்கா பிறந்த ஊர் இது. அவருடைய அப்பா கொடுத்த நிலத்தில் இரண்டாவது ஷெட் போட்டு, முதல் சொந்த இயந்திரத்தை இங்கேதான் செய்திருக்கிறார்கள். பீரோ அளவில் ஒரே பெட்டி. கீழே பேட்டரி, மேலே குளிரூட்டி. தொழிற்சாலைகளின் சின்னக் கணினி அறைகளுக்கு நன்றாக விற்றது.

குளிர்ந்த குழாயில் லேசாக வியர்ப்பதை அனுப்பும் முன்பே இருவரும் பார்த்திருக்கிறார்கள். தானாகக் காய்ந்துவிடும் என்று நினைத்துவிட்டார்கள். மழைக்காலம் வந்ததும் அந்த வியர்வை சொட்டுச் சொட்டாகப் பேட்டரிப் பக்கம் இறங்கி, ஓர் இடத்தில் இயந்திரம் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் அரை ஷிப்ட் உற்பத்தி லைன் ஓடவில்லை. விற்ற எல்லா இயந்திரங்களையும் தங்கள் செலவிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதற்காக நிலத்தில் பாதியை விற்க வேண்டிவந்தது.

"அப்பா மொதல்ல விக்க மாட்டேன்னார். அப்பறம் அவரே புரோக்கரக் கூட்டிக்கிட்டு வந்து நின்னார்" என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் எழும்பியிருக்கும் ரோஸ் நிற மாடி வீட்டைக் காட்டினார். வருத்தமாகச் சொல்லவில்லை. இவ்வளவு செலவு செய்து கட்டியவர்கள் வேறு நிறம் அடித்திருக்கலாம் என்பதுதான் அவருடைய குறை. அதற்குப் பிறகு மின்சாரத்துக்கு ஒரு பெட்டி, குளிருக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு பெட்டி என்று மாற்றினார்கள். டேட்டா சென்டர்காரர்கள் தேடி வர ஆரம்பித்தது அந்த வடிவத்துக்குத்தான்.

பதினோரு மணிக்கு ஒரகடம் வந்து சேர்ந்தோம். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். இந்தப் பதிவில் படங்கள் இல்லாததற்கு அதுதான் காரணம், மன்னியுங்கள்.

உள்ளே ஆளுயரப் பெட்டிகள் வரிசையாக நின்றன. கணினிகள் இருக்க வேண்டிய இடத்தில், அதே அளவு சூட்டைக் கக்கும் ஹீட்டர்களை வைத்திருந்தார்கள். வாங்கும் கம்பெனியிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் கண் முன்னால் மெயின் கரண்டை நிறுத்துவார்கள். பேட்டரி தாங்க வேண்டும், விசிறிகள் நிற்கக் கூடாது, ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்க வேண்டும், சூடு எல்லைக்குள் இருக்க வேண்டும். இதில் தேறினால், கம்பெனிக்கு இதுவரை கிடைக்காத அளவுக்குப் பெரிய ஆர்டர் என்று அக்கா வழியிலேயே சொல்லியிருந்தார்.

கரண்டை நிறுத்தினார்கள். விசிறிகளின் இரைச்சல் அப்படியே தொடர்ந்தது. வெளியே ஜெனரேட்டர் உறுமியது. திரையில் சூடு கொஞ்சம் ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. வந்தவர்களில் மூத்தவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்.

அப்போது முருகேசன் அக்காவின் பக்கத்தில் வந்து, "ஆறாவது பெட்டி மூச்சு வாங்குது. சத்தம் கேக்குதா?" என்றார்.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. "லிமிட்டுக்குள்ளதானே கீது? அவங்க கெளம்பட்டும், அப்பறம் தொறந்து பாப்போம்" என்றார். இவ்வளவு நேரம் படித்தவர் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், பதற்றத்தில் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டார்.

"எனக்குப் பட்டதச் சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம்."

அக்கா ஆறாவது பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேராக மூத்தவரிடம் போய், "சார், ஒரு பெட்டியில சத்தம் சரியில்ல. தொறந்து பாத்துட்டு மறுபடி ஓட்டிக் காட்டுறோம்" என்றார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கூட வந்தவரைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு முறைதான், அதற்கு மேல் நேரமில்லை என்றார்.

பெட்டியைத் திறந்தார்கள். விசிறியின் வலையில், பேக்கிங் பிளாஸ்டிக் தாள் ஒன்று பாதியை மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. முருகேசன் அதை இரண்டு விரலால் உரித்து எடுத்துத் தூக்கிக் காட்டினார். யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரிக்க, அந்தத் தளமே சிரித்தது. மத்தியானம் கேன்டீனில் சாம்பாரும் முட்டைக்கோஸ் பொரியலும் நன்றாகத்தான் இருந்தன. அக்கா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை எந்தப் பெட்டியும் மூச்சு வாங்கவில்லை. மூத்தவர் கையெழுத்துப் போட்டார். பாராட்டெல்லாம் இல்லை. ஆர்டரைப் பற்றிப் பிறகு தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கார் வாசலைத் தாண்டியதும் அக்கா இரண்டு தட்டு சாப்பாடு கேட்டு வாங்கினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இங்கே எந்தத் தொழிற்சாலைக்கும் சும்மா போய் நிற்க முடியாது, முன்னதாகவே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். ஷூ கட்டாயம். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் சாலையை நிறைத்துவிடும், நான் அதில் மாட்டிக்கொண்டு சேரப்பணஞ்சேரியைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. திரும்ப, காஞ்சிபுரம்–தாம்பரம் பேருந்துகள் ஒரகடம் கூட்டுரோட்டில் அடிக்கடி கிடைக்கும். கேள்வி கேட்ட வாசகிக்கு: தாராளமாக மகளை அழைத்துப் போங்கள். பளபளப்பான முகப்பு கண்ணில் படுவதற்கு முன்னால், அந்தக் கம்பெனி எங்கே தொடங்கியது என்று விசாரித்து அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

போன வாரம் அக்கா பேசினார். ஆர்டர் வந்துவிட்டது, கேட்டதில் பாதி. டேட்டா சென்டரின் முதல் கூடத்தில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மீதியைச் சொல்வார்களாம். அதற்கே குரலில் அவ்வளவு துள்ளல். அன்று காலைதான் முதல் லாரி கிளம்பியதாம். முருகேசன் வாசல்வரை போய், லாரி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாராம். போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, பிரிய மனசில்லையா என்று கேட்டேன்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. திரும்ப அது மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். நல்லா ஓடுச்சுன்னா நம்மள யாரும் ரிப்பேருன்னு கூப்பிடப் போறதில்லல்லா" என்றார்.