பிசிறு தட்டிய இடம்

பாட்டை வாசித்தால் கை தட்டுவார்கள். பாட்டே இல்லாமல் மனசு போன போக்கில் வாசித்தால் கருத்துச் சொல்வார்கள். என்னைப் போலக் கருத்து வாங்கியே காதில் காய்ப்புக் காய்த்தவர்கள் இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

ஆடி மாசத்து ஷெட்டு

ஆடியில் கல்யாணம் ஏது? பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதின நானும், டிரம் அடித்த சுடலைமுத்துவும் சும்மா கிடந்தோம். வேலம்பாளையத்தில் காலியாக இருந்த ஒரு பனியன் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நான் ஊதுவதற்கு அவர் அடிப்பார், அவர் அடிப்பதற்கு நான் ஊதுவேன். மெட்டும் கிடையாது, தாளக்கணக்கும் கிடையாது. அந்தச் சுகம் பழகினவர்களுக்குத்தான் தெரியும். ஷெட்டுக்காரர் ஒரு நாள் கேட்டுவிட்டு இப்படிச் சொன்னார்: "ஒருக்கா கேட்ட ஆளு மறுக்கா வந்தா ஷெட்டுல வாசிங்க. இல்லீன்னா ஆடி முடியறப்ப சாவி என்ற கைக்கு வந்துரோணும்."

பேரிங் போச்சு

முதலில் வந்தது பக்கத்து யூனிட் மெக்கானிக். வரவில்லை, ஓடி வந்தார், கையில் ஸ்பேனரோடு. "எந்த மிஷினுங்க பேரிங் போய்க் கத்துது?" என்றார். நான் கிளாரினெட்டைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"ரிப்பேருன்னா சரி பண்ணித் தருவனுங்க. வேணும்னே கத்த உடறீங்கன்னா நான் என்னங்க பண்ணட்டும்?"

நாங்களே சொல்லிக்கொண்டது

பேண்டில் இருந்தவரை ஒருத்தர் வாசிப்பைப் பற்றி ஒருத்தர் பேசினதே இல்லை. இங்கே வேறு காதில்லை, நாங்களேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் "நல்லா இருந்துச்சுங்க" என்றேன். திருநெல்வேலிக்காரரான சுடலைமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லா இருந்துச்சுன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதேயும்வே. எங்கன நல்லா இருந்துச்சு, அதச் சொல்லும்!"

ஸ்டிக்கர்

நல்லூர் சரசு செக்கிங்கில் இருந்தாள். பனியனைப் புரட்டி, ஓட்டையோ பிசிறோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. "தப்பு இருந்தா சொல்லு அம்மிணி" என்று உட்கார வைத்தோம். நடுவில் ஒரு தடவை கையைத் தூக்கினாள், அப்படியே இறக்கிவிட்டாள். முடிந்ததும் என்னவென்று கேட்டேன்.

"ஒரு எடத்துல பிசிறு தட்டுச்சுங்ணா. இங்கதான்னு காட்டறதுக்குள்ள அந்த எடமே போயிருச்சுங்களே!"

கடைசி ஞாயிறு

ஆடியின் கடைசி ஞாயிறு ஷெட்டுக்காரர் சாவிக்காக வாசலிலேயே நின்றார். மெக்கானிக் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சுடலைமுத்து டிரம்முக்கு உறை போட ஆரம்பித்துவிட்டார். அப்போது சரசு உள்ளே வந்து, போன வாரம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். "ஏனம்மிணி, அவ்வளவு புடிச்சுப் போச்சா?" என்றார் ஷெட்டுக்காரர்.

"புடிச்சுதான்னு தெரியலீங்க. அந்தப் பிசிறு வாரம் பூரா காதுக்குள்ளயே நிக்குது. இன்னைக்கு மறுக்கா வருதான்னு பாக்க வந்தனுங்க."

ஷெட்டுக்காரர் சாவி வாங்காமலே திரும்பிப் போனார். இப்போது அந்த ஷெட்டில் எம்பிராய்டரி மிஷின் ஓடுகிறது, சுடலைமுத்துவும் ஊரோடு போய்விட்டார். ஆனாலும் அன்றைக்கு மட்டும் நான் தப்பில்லாமல் ஊதியிருந்தால், அந்த ஆடியோடு எங்கள் வாசிப்பும் முடிந்திருக்குமுங்க.