தூக்காத கொடி

சிங்கப்பூரில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து ஆட்டங்களுக்கு ஒரே நடுவர்தான். எல்லைக்கோட்டில் கொடி பிடிக்க அணிக்கு ஓர் ஆள் கொடுக்க வேண்டும். பந்து கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்குவது, வேலை அவ்வளவுதான். அவரவர் ஆள் அவரவர் அணிக்குச் சாதகமாகத்தான் தூக்குவார் என்பது ஊருக்கே தெரியும். யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. முழங்கால் போன பிறகு எங்கள் அணிக்கு நான்தான் கொடி. நான் மட்டும் விதிப்படி தூக்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

தோ பாயோவில் அன்று நடந்தது என் நண்பனின் கடைசி ஆட்டம். பள்ளியில் ஒரே பெஞ்சு, அதன் பிறகு இத்தனை வருடமும் ஒரே அணி. அவனையும் இனி ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்டுத்தான் போவேன் என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடியப்போகும் நேரம், ஒன்றுக்கு ஒன்று. எதிரணி இளைஞன் ஒருவன் பந்தோடு என் பக்கமாக ஓடிவந்தான். துரத்திவந்தவன் என் நண்பன். பந்து கோட்டின் மேல் உருண்டது, முக்கால்வாசி வெளியே. நண்பன் நின்றுவிட்டான். பந்து வெளியே என்று கையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மழையில் வெள்ளைக் கோடு மங்கிப்போயிருந்தாலும் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. கோடும் மைதானத்தைச் சேர்ந்தது. பந்து அதை முழுதாகத் தாண்டினால்தான் வெளியே. தாண்டவில்லை. நான் கொடியைத் தூக்கவில்லை. இளைஞன் நேராகப் போய் கோல் அடித்தான்.

வழக்கம்போல லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிடப் போனோம். மற்றவர்கள் கலகலப்பாகத்தான் இருந்தார்கள். அவன் மட்டும் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு கரண்டியைக் கோடாக வைத்து, தே தாரிக் டீக் குவளையை அதன் மேல் நகர்த்தி விளக்கம் சொன்னேன்.

"பாத்தியா, இவ்ளோ வெளிய போனாலும், இந்த ஓரம் கோட்டு மேல இருக்கிற வரைக்கும் பந்து உள்ளதான்டா."

அவன் பொறுமையாகப் பார்த்தான். "உள்ளதான் இருந்துச்சு. எனக்கும் தெரியும் லா," என்றான். "தெரிஞ்சுதான் உன்னைப் பாத்தேன்."

எப்போதும் வீடு திரும்ப, பிடோக்குக்கு ஒன்றாக ரயில் ஏறுவோம். அன்று கடையில் ஏதோ வாங்க வேண்டும் என்று பின்தங்கிவிட்டான். அப்புறம் சாப்பிடவும் வருவதில்லை. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். சண்டை என்றால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன். இது சண்டையே இல்லை, அதுதான் வலிக்கிறது.

போன மாதம், அவன் இடத்தில் ஆடுகிற புதியவர் அதே மாதிரி கையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முகம் மட்டுமே பழக்கமான மனிதர். பந்து பாதிகூடத் தாண்டவில்லை. நான் கொடியைத் தூக்கினேன். நடுவர் விசில் ஊதினார். எதிரணியில் ஒருவர் முணுமுணுத்தார், அதோடு சரி. புதியவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை எடுத்து எறிந்தார். இவ்வளவு சுலபமான காரியத்தை என் நண்பனுக்குச் செய்யாமல் விட்டுவிட்டேன்.