கடைசி ஆளுக்கு ஓய்வில்லை

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு, ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டிலிருந்து தனியாகக் கிளம்பினேன். பிரெடரிக்ஸ்பர்க் இங்கிருந்து ஏறத்தாழ இருநூற்று அறுபது மைல். ஹூஸ்டன் டிராஃபிக்கில் ஊர்ந்து, சான் அன்டோனியோவைத் தாண்டி, போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது. மலையும் பழைய ஊருமாகப் பார்த்து சைக்கிள் ஓட்ட இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போகிறவர்கள் உண்டு. எனக்கு வாய்த்தது டெக்சஸின் ஹில் கன்ட்ரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய விவசாயிகள் வந்து குடியேறிய சுண்ணாம்புக்கல் குன்றுகள்.

ஐம்பத்து மூன்று வயதில் இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். எங்கள் ஒரே மகள் நிவேதா ஆஸ்டினில் வேலை பார்க்கிறாள். சனி ஞாயிறு வந்தால் அவளுக்கு சைக்கிள்தான் உலகம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள், வசந்தம் முடிந்ததும் லிஸ்பனில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொன்னாள். போனால் திரும்பி வருவாளா என்பது எனக்கும் என் கணவருக்கும் தெரிந்தாக வேண்டும். போனில் கேட்டால் "வீ வில் ஸீ, அம்மா" என்று வைத்துவிடுகிறாள். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அந்த முகம் சைக்கிள் மேலேயே இருந்தால் நானும் சைக்கிளில் ஏறத்தானே வேண்டும்?

பேர்லேண்ட் தோசைக்கல் மாதிரி தட்டை. மேடு என்றால் ஃப்ரீவேக்கு மேலே போகிற பாலம்தான், அதிலும் கார்கள் உரசிக்கொண்டு போகும். அதனால் நான் லேபில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பார்க்கிங் கராஜில், ஞாயிறு காலைகளில் ஐந்து மாடியும் ஏறி இறங்கிப் பழகினேன். செக்யூரிட்டிக்காரர் முதல் வாரம் விரட்டினார், நாலாவது வாரம் கை தட்டினார். கோயிலில் பார்த்த ஒரு ஆன்ட்டி, "எதுக்கும்மா இந்த ரிஸ்க்கு? பேசாம வாக்கிங் போயேன்" என்றார். வாக்கிங்குக்கு நிவி வர மாட்டாளே.

சனிக்கிழமை காலை எட்டு மணி. பிரெடரிக்ஸ்பர்க்கின் கடைத்தெருவுக்குப் பின்னால் பொம்மை வீடு போலச் சின்னச் சின்னக் கல்வீடுகள் இருக்கின்றன. தூரத்துப் பண்ணைகளிலிருந்து சர்ச்சுக்கு வருகிற குடும்பங்கள் சனி இரவு தங்கிப் போவதற்காகக் கட்டியவையாம். வாரத்தில் ஒரு நாளாவது குடும்பம் ஒரே அறையில் கிடந்திருக்கிறது. அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது.

நிவியும் அவள் நண்பர்கள் நால்வரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். கைல் என்ற தாடிக்காரப் பையன்தான் தலைவன். தங்கள் குழுவில் யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கடைசி ஆள் வந்த பிறகுதான் கிளம்புவோம் என்று எனக்கு மரியாதையாக விளக்கினான். எனக்கு ஒரே சந்தோஷம். எத்தனை திருப்பமோ அத்தனை தடவை மகளோடு பேசலாம் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கில் மண் விழுந்தது முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. அவர்கள் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து, தண்ணீர் குடித்து, வாழைப்பழம் தின்று, போட்டோ எடுத்து, நன்றாக இளைப்பாறியிருப்பார்கள். நான் புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து காலை ஊன்றுவேன். கைல் "ஆல் குட்? ரெடி?" என்பான். நிவி என் தோளைத் தட்டி, "யூ ஆர் டூயிங் கிரேட், அம்மா" என்பாள். உடனே எல்லோரும் பறந்துவிடுவார்கள். கடைசியாக வருகிறவளுக்கு ஓய்வும் கிடையாது, பேச்சும் கிடையாது.

லக்கன்பாக் என்ற ஊரில் ஒரு பழைய தபாலாபீஸும் நடனக் கொட்டகையும்தான் உண்டு. அங்கேயும் இதே கதை. மூன்று டாலர் கொடுத்து ஒரு லெமனேட் வாங்கினேன். பாதியில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

பிறகு சிஸ்டர்டேல் பக்கமாக மணிக்கணக்கில் நானும் காற்றும்தான். சாலையோரமெல்லாம் நீலமாக ப்ளூபானெட் பூத்துக் கிடந்தது. ஒரு குடும்பம் காரை நிறுத்தி, பூக்களுக்கு நடுவே குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு தடவையும் எழுந்து அம்மாவிடம் ஓடியது. மாடு தாண்டாமல் இருக்க ரோட்டின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருந்தார்கள். சைக்கிளைக் கொஞ்சம் சாய்த்தாலும் சக்கரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக ஓட்டினேன். ஓடைகளுக்குப் பாலம் கிடையாது. ரோடே தண்ணீருக்குள் இறங்கி ஏறுகிறது. இவ்வளவு அழகையும் "பாத்தியா" என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் பார்ப்பது கொடுமை.

ஒரு பிக்கப் டிரக் மெதுவாக என் பக்கத்தில் வந்தது. தொப்பி போட்ட கிழவர், வழி தவறிவிட்டதா என்று விசாரித்தார். "நோ சார், என் டாட்டர் முன்னாடி போறா" என்று பாதி தமிழிலேயே சொன்னேன். அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. "யெல்லோ ஷர்ட்? ஷி இஸ் லாங் கான், மேம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மஞ்சள் சட்டை போட்ட நிவி எப்போதோ போய்விட்டாளாம்.

நாற்பது மைல் சொச்சம் ஓட்டி, மாலை நாலரைக்குக் கம்ஃபர்ட் என்ற ஊருக்கு வந்தேன். ஊர் பெயரே சௌகரியம், எனக்கோ உட்காரக்கூட முடியவில்லை. பழைய கல்கட்டடத்தில் எனக்கு மட்டும் ஒரு அறை, வாடகை நூற்று எண்பத்தொன்பது டாலர். நிவி நண்பர்களோடு தங்கினாள். சாப்பாட்டு மேஜையில் அவர்கள் ஐந்து பேரும் டயர் காற்றைப் பற்றியே பேசினார்கள். சாப்பிட்டு முடித்ததும் நிவி ஐஸ் பையோடு என் அறைக்கு வந்து, முழங்காலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதற்காகத்தானே ஆறு மாதம் கராஜில் சுற்றினேன்! எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கக் கண்ணை மூடினேன். திறந்தபோது விடிந்திருந்தது. என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து மைல்தான், ஆனால் நடுவில் ஒரு பெரிய ஏற்றம். மேலே பழைய ரயில் சுரங்கம் ஒன்று உண்டு, இப்போது அதில் வௌவால்கள் குடியிருக்கின்றன. ஏற்றத்துக்கு முந்தைய திருப்பம்தான் கடைசித் திருப்பம். நான் போய்ச் சேர்ந்ததும் கைல் "ரெடி?" என்றான். விட்டால் போய்விடுவாள் என்று நிவியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நிவி, ஒரே நிமிஷம். லிஸ்பன் போயிட்டுத் திரும்பி வருவியா, மாட்டியா?"

நாலு பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிவி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த முகம் மாறாமல், வருஷக்கணக்கில் அவள் வாயில் வராத தமிழில் சொன்னாள்.

"வர மாட்டேன்மா. அங்கேயே இருக்கப் போறேன். அப்பாகிட்ட நீ சொல்றியா? என்னால முடியாது. அழாத, எல்லாரும் பாக்கறாங்க."

சின்ன வயதில் நான் சொல்லிக்கொடுத்த அதே மழலைத் தமிழ். நான் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பெண், இதற்கு மட்டும் எங்கிருந்தோ அதைத் தேடி எடுத்துவிட்டாள். அங்கே அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் புரியும்.

"சரி கண்ணு" என்று நானும் சிரித்தேன்.

நான் என்ன கேட்டேன் என்று கைல் விசாரித்தான். மேலே காபி கிடைக்குமா என்று கேட்டதாக நிவி இங்கிலீஷில் சொன்னாள். "யெஸ் மேம்!" என்று அவன் உற்சாகமாகக் கத்திவிட்டுப் பெடலை மிதித்தான். எல்லோரும் போய்விட்டார்கள்.

அந்த ஏற்றத்தில் அழுதுகொண்டே ஏறினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு மட்டும் பார்த்தது. கோபமாகவும் வந்தது. ஊரை விட்டு வந்து முப்பது வருஷமாகத் திரும்பிப் போகாத நான் யாரிடம் கோபப்பட? இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. இறங்கவில்லை. மேலே போனதும் நாலு பேரும் கை தட்டினார்கள். கைல் எனக்காகவே வாங்கி வைத்திருந்த காபியை நீட்டினான். சூடாக இருந்தது. குடித்தேன்.

பிரெடரிக்ஸ்பர்க்கில் நிவி என் சைக்கிளைக் காரில் கட்டிக்கொடுத்தாள். ரொம்ப நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கிழக்கே ஆஸ்டினுக்குப் போனாள். நான் தெற்கே திரும்பினேன்.

சான் அன்டோனியோ தாண்டியதும் என் கணவர் கூப்பிட்டார். முழங்கால் ஆபரேஷன் ஆனதால் வீட்டோடு இருந்தவர், இரண்டு நாளாகப் போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சுமதி, கேட்டியா? என்ன சொன்னா?"

"எங்கீங்க, கூடவே நாலு பேரு. கேக்க நேரமே கெடைக்கல."

"சரி விடு, நான் ஏர்போர்ட்ல கேட்டுக்கறேன்."

நீங்கள் இதைப் படிப்பதற்குள் அவரிடம் சொல்லியிருப்பேன். அன்று வாய் வரவில்லை. அவர் விடாமல் பேசிக்கொண்டே வந்தார்.

"கிறிஸ்மஸுக்கு வந்தா அந்தச் சின்னக் கட்டில்ல எப்படிப் படுப்பா? க்வீன் சைஸ் மெத்தை சேல்ல இருக்கு. ஆர்டர் பண்ணிடட்டுமா?"

"பண்ணுங்க" என்றேன். "கெட்டியானதா பாத்துப் பண்ணுங்க. மெத்துனு இருந்தா அவளுக்கு முதுகு வலிக்கும்."